கேபினில் எட்டு மணி நேரம்: புதிய ரயில் ஓட்டுநருக்கு ஒரு கழிப்பறை வழிகாட்டி

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பார்கள். ரயில் ஓட்ட வருகிறவர் முதல் வாரத்திலேயே இதைத் தலைகீழாகக் கற்றுக்கொள்கிறார். தண்ணீரைக் குறைக்கிறார், அடக்கிப் பழகுகிறார், கட்டுப்பாட்டு அறையிலிருந்து வண்டிகளை நடத்தும் கண்ட்ரோலரிடம் கேட்கக் கூச்சப்படுகிறார். மூன்றுமே தவறு. பயிற்சி வகுப்பில் பிரேக்கைப் பற்றி நாற்பது மணி நேரம் பேசுவார்கள், இதைப் பற்றி நாற்பது நொடிகூடப் பேசமாட்டார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் மனதில் பதிய வேண்டியது: கழிப்பறைக்குப் போவது உங்கள் சொந்த விஷயம் அல்ல. வண்டியை நிறுத்துவது, பாதுகாப்பது, ஆளில்லாமல் விடுவது, திரும்பி வந்து எடுப்பது என எல்லாம் அடங்கிய ஓர் இயக்க வேலை அது. வண்டி இணைப்பதற்கு எப்படித் திட்டமிடுவீர்களோ அப்படியே இதற்கும் திட்டமிட வேண்டும்.

அடக்குவதால் என்ன கெடும் என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வு உண்டு. ஆரோக்கியமானவர்களுக்குத் தொடர்ந்து தண்ணீர் கொடுத்து, சிறுநீரை இனி அடக்கவே முடியாது என்ற கட்டம் வரை வைத்து, கவனத்தையும் உடனடி நினைவாற்றலையும் சோதித்தார்கள். அந்தக் கடைசிக் கட்டத்தில் ஏற்பட்ட சரிவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரிடம் காணப்படும் சரிவுக்கு ஒப்பாக இருந்தது. 2011-இல் இதற்கு இக் நோபல் பரிசு, அதாவது முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு, கிடைத்தது. சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் மது வாசனையோடு பணி ஏற்கக் கையெழுத்துப் போட வந்தால் வண்டி தரமாட்டார்கள், முட்டிக்கொண்டு வந்தால் தருகிறார்கள் என்பதில் சிரிக்க ஒன்றுமில்லை.

விதி என்ன சொல்கிறது

நாட்டுக்கு நாடு வேறுபடும். எல்லை தாண்டி ஓட்டும் ஓட்டுநர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய விதி (2005), வேலை 8 மணி நேரத்தைத் தாண்டினால் குறைந்தது 45 நிமிட இடைவேளையும், 6 முதல் 8 மணி நேரம் என்றால் 30 நிமிடமும் கேட்கிறது. அமெரிக்காவில் 2002-இல் வந்த விதி, சில விலக்குகள் தவிர, முன்னால் நிற்கும் எஞ்சினில் கழிப்பறை வேண்டும் என்கிறது. காற்றோட்டம், தாழிடும் கதவு, கை கழுவ வசதி எல்லாம் அதில் சேர்த்தி. இந்தியாவில் 2025 ஏப்ரலில் ரயில்வே வாரியம், சாப்பாட்டுக்கும் இயற்கை உபாதைக்கும் இடைவேளையைச் சட்டமாக்குவது சாத்தியமில்லை என்ற குழுவின் கருத்தை ஏற்றுக்கொண்டது. உங்கள் இடத்து விதிப் புத்தகத்தில் இரண்டைத் தேடிப் பாருங்கள்: இடைவேளை எத்தனை நிமிடம், கேபினை விட்டு இறங்க யாரிடம் அனுமதி பெற வேண்டும். இரண்டாவதுதான் பெரும்பாலும் எழுத்தில் தெளிவாக இருக்கும்.

பணி அட்டையைப் படிக்கும்போதே தொடங்குங்கள்

அன்றைய ஓட்டங்களும் நேரங்களும் எழுதிய அட்டை கையில் வந்ததும் நிற்கும் இடங்களையெல்லாம் மூன்றாகப் பிரியுங்கள். கழிப்பறை உண்டு, நேரமும் உண்டு என்பது ஒரு வகை. கழிப்பறை உண்டு, நேரம் இல்லை என்பது இன்னொன்று. இரண்டும் இல்லாதவை மூன்றாவது. முதல் வகை நிறுத்தங்களுக்கு இடையில் 3 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், நடுவில் இரண்டாம் வகை நிறுத்தம் ஒன்றைத் தேர்ந்து, “இங்கே கேட்பேன்” என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் போட்டிருக்கும் திரும்பும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். கடைசி நிலையத்தில் 12 நிமிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வந்த கேபினை மூட ஒன்றரை நிமிடம். வண்டி 200 மீட்டர் நீளம் என்றால், கூட்டத்தின் நடுவே மறுமுனைக்கு நடக்க 3 நிமிடம். அந்தப் பக்கக் கேபினைத் திறந்து பிரேக் சோதித்து முடிக்க 3 நிமிடம். புறப்படுவதற்கு ஒரு நிமிடம் முன்பே தயாராக இருக்க வேண்டும். ஆக எட்டரை நிமிடம் போயிற்று. மிச்சம் மூன்றரை. வண்டி 3 நிமிடம் தாமதமாக வந்திருந்தால் அரை நிமிடம். “12 நிமிடம் இருந்ததே, ஏன் போகவில்லை?” என்று கேட்கும் மேற்பார்வையாளருக்கு இந்தக் கணக்கை எழுதியே காட்டலாம்.

கழிப்பறை எந்த முனையில் இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். வந்த முனையில் இருந்தால் கேபினை மூடிப் பூட்டிவிட்டுப் போய்வந்து பிறகு நடங்கள். மறுமுனையில் இருந்தால் நடந்து, போய்வந்து, அதற்குப் பிறகு புதிய கேபினைத் திறங்கள். புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, நேரம் மிச்சமாகட்டும் என்று புதிய கேபினைத் திறந்து உயிரூட்டி வைத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுவது. உயிரோடு இருக்கும் கேபினில் ஆளில்லை என்றால் அது விதிமீறல் மட்டுமல்ல, வண்டி நகர்ந்தால் தடுக்க அங்கே யாரும் இல்லை.

மெட்ரோ வழித்தடங்கள் சிலவற்றில் இதற்கு நல்ல தீர்வு உண்டு. வண்டி கடைசி நிலையத்துக்கு வரும்போதே மறுமுனையில் வேறு ஓட்டுநர் காத்திருப்பார், அவர் அதை எடுத்துக்கொண்டு போவார். வந்தவர் நிதானமாக நடந்துபோய் அடுத்து வரும் வண்டியை எடுப்பார். ஒரு வண்டி இடைவெளி முழுவதும் அவர் கையில் இருக்கும். இந்த ஏற்பாடு நெரிசல் நேரத்தில் மட்டுமா, நாள் முழுக்கவா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊழியர் கழிப்பறைகளில் பாதி பூட்டியே கிடக்கும். எண் பூட்டா, சாவியா, சாவி யாரிடம், இரவில் திறந்திருக்குமா என்பதை வழித்தடம் பழகும் நாட்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். சிக்னல்கள் எங்கெங்கே என்று குறித்துவைக்கும் அதே நோட்டில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

உடம்புக் கணக்கு

சிறுநீரகம் சாதாரணமாக மணிக்கு 60 முதல் 100 மில்லி வரை சிறுநீர் உண்டாக்கும். சிறுநீர்ப்பையில் 150, 200 மில்லி சேரும்போது முதல் உணர்வு வரும். 400, 500 என்றால் முட்டும். ஆக, 3 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருப்பது நோயும் அல்ல, பலவீனமும் அல்ல. எந்த உடம்புக்கும் அதுதான் இயல்பு.

தண்ணீரை நிறுத்துவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, மோசமான வழியும் அதுவே. நீர் குறைந்தால் தலைவலி, மந்தம், கவனச் சிதறல் வரும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் சிறுநீரகக் கல்லும் நீர்த்தாரைத் தொற்றும் வரும். கெட்டியான சிறுநீர் பையை உறுத்துவதால், குறைவாகக் குடித்தும் அடிக்கடி வரும் விந்தையும் நடக்கும். குடிக்கும் அளவைக் குறைக்காமல் நேரத்தை மாற்றுங்கள். பணிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு டம்ளர். கையெழுத்துப் போடும்போது ஒருமுறை கழிப்பறை, வண்டியில் ஏறும் முன் மறுமுறை. பிறகு மணிக்கு 150, 200 மில்லியாகச் சிறு மடக்குகள், வெயில் காலத்தில் கூடுதல். ஒரே மூச்சில் அரை லிட்டர் இறக்கினால் அது முக்கால் மணி நேரத்தில் கதவைத் தட்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். அடர் மஞ்சள் என்றால் நீர் பற்றவில்லை. டீயும் காபியும் பையைக் கிளறிவிடும் என்பதால், நீண்ட ஓட்டத்துக்கு முன் குடிப்பதைவிட நிறுத்தத்துக்கு ஒரு மணி நேரம் முன் குடிப்பது நல்லது.

வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம், உணர்வு இல்லாவிட்டாலும், போய்விடுங்கள். மருத்துவர்கள் பொதுவாக இதை ஊக்குவிப்பதில்லை. பை சிறிய அளவுக்கே பழகிவிடும் என்பார்கள். உண்மைதான். அதனால் விடுமுறை நாட்களில் இயல்பான இடைவெளிக்குத் திரும்பிவிடுங்கள். பணியில் இருக்கும்போது கழிப்பறையைக் கண்டால் விடாதீர்கள்.

மலம் வேறு கணக்கு. சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் பெருங்குடல் அசையும், காலையில் அது இன்னும் வலுவாக இருக்கும். பணி தொடங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே காலை உணவை முடித்துக்கொண்டால் வீட்டிலேயே வேலை முடியும். சிக்கல், ஷிப்ட் மாறும் முதல் இரண்டு மூன்று நாட்கள்தான். குடல் பழைய கடிகாரத்தையே பின்பற்றும். அந்த நாட்களில் புதிய உணவு, அதிக எண்ணெய், நிறைய பருப்பு வகைகளைத் தவிருங்கள். வயிற்றுப்போக்கு இருந்தால் பணிக்கு வராதீர்கள். காய்ச்சலோடு வரமாட்டீர்கள் அல்லவா, அதுபோலத்தான். மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நிறுத்தும் மருந்துகள் சிலருக்குத் தூக்கம் தரும்.

நீர் பிரியச் செய்யும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எந்த நேரத்தில் போடுவது என்பதை ஷிப்டைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். எரிச்சல், ரத்தம், தாரை மெலிதல், இரவில் மூன்று நான்கு முறை எழுதல், திடீரென்று கூடிய தாகம் இவற்றில் எது இருந்தாலும் “வேலை அப்படி” என்று விட்டுவிடாதீர்கள். புராஸ்டேட், சர்க்கரை, தொற்று எதுவாகவும் இருக்கலாம்.

போய்வரும் முறை

நிலையத்தில் நிற்கும்போது இறங்கிப் போவதாக இருந்தால் வரிசை இது. உங்கள் நிர்வாகத்தின் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

1. முன்கூட்டியே சொல்லுங்கள். பத்தில் ஐந்து என்ற அளவில் உணர்வு இருக்கும்போது, அதாவது 20, 30 நிமிடம் முன்பே, ரேடியோவில் தெரிவியுங்கள். வண்டி எண், நிலையத்தின் பெயர், “கழிப்பறை இடைவேளை, ஐந்து நிமிடம்” என்றால் போதும். காரணம் விளக்க வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். பத்தில் ஒன்பது வந்த பிறகு சொன்னால் கண்ட்ரோலர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. முன்பே சொன்னால் பின்னால் வரும் வண்டியை முன்னே விடவோ, வேறு மேடைக்கு மாற்றவோ, மாற்று ஓட்டுநரை நிறுத்தவோ அவரால் முடியும்.

2. நின்றதும் பிரேக்கை முழுமையாகப் போடுங்கள், மின்விசைக் கைப்பிடியைப் பூஜ்யத்துக்கும் திசைக் கைப்பிடியை நடுநிலைக்கும் கொண்டுவாருங்கள்.

3. பார்க்கிங் பிரேக் அல்லது ஹேண்ட் பிரேக் போட்டு, காட்டும் விளக்கைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். காற்றுப் பிரேக் மட்டும் போதாது. எஞ்சின் நின்றால் கம்ப்ரசர் நிற்கும், காற்று மெல்லக் கசியும், பிடி தளரும்.

4. சாவியை எடுத்து, கேபினைப் பூட்டி, கார்டிடம் சொல்லிவிட்டு, ரேடியோவையும் டார்ச்சையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

மூன்றாவது படியில் அவசரம் காட்டுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய இரண்டு நிகழ்வுகள் உண்டு. 2013 ஜூலை 6 அன்று கனடாவின் லாக்-மெகான்டிக்கில் சரிவில் நிறுத்திவைத்த கச்சா எண்ணெய் வண்டியில் 7 வாகனங்களில் மட்டுமே ஹேண்ட் பிரேக் போடப்பட்டிருந்தது. எஞ்சின் அணைக்கப்பட்டதும் காற்று கசிந்து வண்டி உருண்டது, 47 பேர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்முவின் கதுவாவில் நின்ற சரக்கு வண்டி ஆளில்லாமல் கிளம்பிப் பஞ்சாபுக்குள் 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. இரண்டிலும் ஓட்டுநர் இறங்கியது கழிப்பறைக்காக அல்ல. ஆனால் இறங்கிய காரணம் என்னவென்று சக்கரத்துக்குத் தெரியாது.

திரும்பி வருவதுதான் உண்மையில் ஆபத்தான பகுதி. போவதற்கு முன் பச்சையாக இருந்த சிக்னல் மனதில் பச்சையாகவே நிற்கும். ஏறி உட்கார்ந்ததும் கார்டின் மணி கேட்கும், தாமதமாகிவிட்டதே என்று கை தானாகக் கைப்பிடிக்குப் போகும். சிவப்பைத் தாண்டிப் புறப்படும் தவறுகளில் பலவும் இந்த அச்சில் வார்த்தவை. எனவே புதிதாகப் பணி ஏற்றவர்போல் தொடங்குங்கள். சிக்னலை விரலால் சுட்டி, அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜப்பான் ரயில்களில் ஓட்டுநர்கள் இதை அன்றாடம் செய்கிறார்கள், பார்ப்பவர் சிரித்தாலும் பரவாயில்லை. அடுத்த வேகக் கட்டுப்பாடு எங்கே என்று நினைவுபடுத்துங்கள். பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். பிரேக் சோதனை கேட்கும் விதி இருந்தால் செய்யுங்கள். பிறகு கிளம்புங்கள்.

ஓடும்போது அவசரம் வந்தால்

தனியாக ஓட்டுகிறவருக்கு ஒரே பதில்: நிறுத்து. 2021 மே 16 அன்று ஜப்பானின் அதிவேக ஹிகாரி 633 வண்டியின் ஓட்டுநர் வயிற்றுவலி தாங்காமல், உரிமம் இல்லாத நடத்துநரைக் கேபினில் நிற்கவைத்துவிட்டுப் பயணிகள் கழிப்பறைக்குப் போனார். சுமார் 3 நிமிடம். வண்டி 150 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்குப்படி ஏழரை கிலோமீட்டர் தூரம். வண்டி ஒரு நிமிடம் தாமதமானதால்தான் விஷயம் வெளியே வந்தது. விதிப்படி அவர் கட்டுப்பாட்டு மையத்திடம் சொல்லியிருக்க வேண்டும், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தியிருக்கலாம்.

ஓட்டுநர் விழிப்போடு இருக்கிறாரா என்று சோதிக்கும் எச்சரிக்கைக் கருவி காப்பாற்றும் என்று நம்புவதும் வீண். ஜெர்மனியின் சிஃபா கருவியில் மிதியை 30 நொடிக்குள் ஒருமுறை விட்டு மிதிக்க வேண்டும். தவறினால் விளக்கு, இரண்டரை நொடி கழித்து ஒலி, மேலும் இரண்டரை நொடியில் அவசரப் பிரேக். 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 35 நொடியில் வண்டி 970 மீட்டர் போயிருக்கும். மிதியின் மேல் பையை வைத்து ஏமாற்றுவது பழைய கருவிகளில் நடந்தது. விட்டு மிதிக்கச் சொல்லும் முறையில் அந்த வித்தை பலிக்காது.

நிறுத்தும் இடத்தைக் கண்ட்ரோலரோடு பேசி முடிவு செய்யுங்கள். மேடை இருந்தால் மேடை. இல்லையென்றால் கிளைப்பாதை, அல்லது ஒரு சிக்னலின் முன். சுரங்கம், பாலம், செங்குத்தான ஏற்றம், லெவல் கிராசிங் வேண்டாம். மின்வண்டி என்றால் மின்சாரம் இல்லாத நடுநிலைப் பகுதியில் நிற்கவே கூடாது, திரும்பக் கிளப்ப முடியாது.

நின்ற பிறகும் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். பக்கத்துப் பாதையில் வரும் வண்டியின் சத்தத்தை உங்கள் எஞ்சின் விழுங்கிவிடும். மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட் ஓடும் வழித்தடங்கள் உண்டு. கேபின் கதவைத் திறந்து வெளியே போவது, வண்டி நின்றாலும் ஓடினாலும், கூடவே கூடாது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பவர் தவறி விழ ஒரு சிறு குலுங்கல் போதும்.

இரண்டு பேர் இருக்கும் எஞ்சினில், மற்றவருக்கு அந்த வண்டியையும் அந்த வழித்தடத்தையும் ஓட்டத் தகுதி இருந்து, விதியும் இடம் தந்தால் மட்டும் மாறிக்கொள்ளலாம். மாறும்போது வேகம், கடைசியாகப் பார்த்த சிக்னல், வரப்போகும் கட்டுப்பாடு மூன்றையும் வாய்விட்டுச் சொல்லி, “உன் கையில்”, “என் கையில்” என்று முடியுங்கள். உதவி ஓட்டுநர் போவதாக இருந்தால், மஞ்சள் சிக்னல் வரும் இடத்திலும் நிலையம் நெருங்கும்போதும் வேண்டாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

கேபினுக்குள்ளேயே முடிக்க வேண்டிய நாளுக்காக, வண்டி நின்றிருக்கும்போது மட்டும் பயன்படுத்த, ஒரு நீர்புகாப் பை. அதில் 1 லிட்டர் கொள்ளும், உள்ளே தெரியாத, அகன்ற வாயும் திருகு மூடியும் கொண்ட சிறுநீர்க் குடுவை. உறிஞ்சும் தூள் போட்ட ஒருமுறைப் பைகள் மூன்று. ஈரத் துடைப்பான், காகிதம், கையுறை, 60 சதவீதம் ஆல்கஹால் உள்ள கைசுத்தி, மாற்று உள்ளாடை, மாற்றுக் கால்சட்டை, மூடக்கூடிய பிளாஸ்டிக் உறைகள்.

தண்ணீர் பாட்டிலைப் பயன்படுத்தாதீர்கள். வாய் குறுகல், பாதி வெளியே போகும். இருட்டில் எது குடிக்கும் பாட்டில் என்று குழம்பும், அடுத்து வருகிறவரும் குழம்புவார். தூள் பைகள் பெரும்பாலும் 600, 700 மில்லி வரைதான் கெட்டியாக்கும், அதற்கு மேல் போனால் கசியும். அவற்றைக் கழிப்பறைக்குள் போடவே கூடாது. தூள் ஊறிப் பெருத்துக் குழாயை அடைக்கும். எதையும் ஓட்டுநர் மேசை மேல் வைக்காதீர்கள். உப்புள்ள நீர் சுவிட்சுக்குள் இறங்கினால் வண்டி அங்கேயே படுத்துவிடும்.

பல கேபின்களில் உள்நோக்கிய கேமரா இருக்கிறது. அது எந்தப் பகுதியைப் பார்க்கிறது, இடைவேளையின்போது மறைக்க அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். நீங்களாகத் துணி போட்டு மூடினால் அது தனி வழக்காகும்.

பெண் ஓட்டுநர்களுக்கு இவை எல்லாமே இன்னும் கடினம், ஏனென்றால் கேபினை வடிவமைத்தவர் யாரும் அவர்களை நினைக்கவில்லை. நின்றபடி பயன்படுத்தும் புனல் கிடைக்கிறது. ஆனால் முதல் தடவை கேபினில் வேண்டாம், வீட்டுக் குளியலறையில் நான்கைந்து முறை பழகுங்கள். சிறுநீரை நிதானமாக விடாமல் வேகமாக விட்டால் புனல் வழியும். மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த சீருடையைத் தவிருங்கள். மாதவிடாய் நாட்களில் நாப்கின் என்றால் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், டேம்பான் 8 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது, கப் பெரும்பாலும் 12 மணி நேரம் வரை தாங்கும். நீண்ட ஷிப்டுக்குக் கப் பொருந்தும், ஆனால் அதையும் விடுமுறை நாட்களில் பழகிய பிறகே. கர்ப்பக் காலத்தில் இடைவெளி ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கலாம். அப்போது நீண்ட ஓட்டங்களிலிருந்து மாற்றிக் கேட்பது உரிமை.

எஞ்சினிலேயே கழிப்பறை இருந்தால் பணிமனையில் பிரேக்கைப் பார்க்கும்போதே அதையும் பாருங்கள்: தொட்டி நிறைந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, தாழ் விழுகிறதா, விளக்கு எரிகிறதா. பழுது என்றால் குறைப் பதிவேட்டில் எழுதுங்கள். எழுதாத பழுதைப் பணிமனை சரிசெய்யாது, அடுத்தவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்.

இடைவேளையால் தாமதமானால் அறிக்கையில் “கழிப்பறை இடைவேளை” என்றே எழுதுங்கள். “சிக்னல் தாமதம்”, “கதவுக் கோளாறு” என்று மழுப்பாதீர்கள். பதிவுக் கருவி எல்லாவற்றையும் நொடிக்கணக்கில் வைத்திருக்கிறது, பொய் எளிதில் பிடிபடும். ஒரே நிலையத்தில் ஒரே தாமதம் மாதத்தில் இருபது முறை பதிவானால்தான் அங்கே நேரத்தைக் கூட்டவோ கழிப்பறை கட்டவோ யாராவது கோப்பைத் திறப்பார்கள். பணி முடிந்ததும் குடுவையைக் கழுவிக் காயவையுங்கள், தீர்ந்த தூள் பைகளை அன்றே நிரப்புங்கள்.